கம்பளம் தூய்மை செய்யும் தொழில்: எக்கருவியை முதலில் வாங்குவது?

ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டதை நாம் கண்கூடாகக் கண்டுள்ளோம். அவ்வாறு மாறும்போது வேலை இழக்கும் தொழிலாளர்க்குச் சேரவேண்டிய பணிநீக்கப் பயனை 1980-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு விதிமுறைகள் வரையறுத்துள்ளன. ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் என்பது கணக்கு. இருபது ஆண்டுகள் மரம் சீவிய ஒருவரின் கையில் 400 நாள் சம்பளம் மொத்தமாக வந்து சேரும். அத்தகைய தொகை பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும்.

அத்தொகையைக் கொண்டு சிறுதொழில் தொடங்க எண்ணுவோர்க்குக் கம்பளம் தூய்மை செய்யும் தொழில் ஏற்றதொன்று. கடை வாடகை இன்றித் தொடங்கலாம். உடல் உழைப்புக்கு அஞ்சாதவர் இருவர் இருந்தால் போதும். நம் தோட்டங்களில் பல பட்டணத்தின் ஓரத்திலேயே அமைந்துள்ளன. அங்கே வீடுகள், அலுவலகங்கள், தங்கும் விடுதிகள், சூராவ்கள் எனக் கம்பளம் விரித்த இடங்கள் ஏராளம். சோபா, மெத்தை ஆகியவற்றையும் இதே கருவிகளால் தூய்மை செய்யலாம்.

ஆயினும் இத்தொழிலில் கைப்பொருளை இழந்தோரும் உளர். நான் அறிந்தவரையில், அவர்கள் சோம்பலால் இழக்கவில்லை. முதல் மாதத்திலேயே தமக்குப் பொருந்தாத இயந்திரத்தை வாங்கியதால் இழந்தார்கள். விற்பனையாளர் நீரின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் நுரையையும் காட்டினார், இவர்களும் மயங்கினார்கள். அவர் காட்டாமல் விட்ட ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் பெரிதும் பேசப்போகிறோம்.

உருளையும் புகைவீடும்

நம்மில் மூத்தோர் ரப்பர் ஷீட் செய்த காலத்தை அறிவர். அமிலமிட்டு உறையவைத்த பால் பாளத்தை நேரே புகைவீட்டில் தொங்கவிட்டார்களா? இல்லை. முதலில் உருளை இயந்திரத்தில் பலமுறை செலுத்தி நீரைப் பிழிந்தார்கள். கடைசியில் வரியுள்ள உருளையில் விட்டுக் காற்றுப்படும் பரப்பைக் கூட்டினார்கள். அதன் பின்னரே மூங்கிலில் போட்டு உலர்த்தினார்கள். சரியாக உலராத ஷீட்டில் பூஞ்சை படர்ந்தது, தரம் குறைந்தது, விலையும் குறைந்தது.

கம்பளத்திற்கும் அதே விதிதான். அழுக்கை இளக்கி எடுப்பது பாதி வேலை. விட்ட நீரைத் திரும்ப எடுப்பது மறுபாதி. நம் நாட்டின் காற்றில் எந்நாளும் ஈரம் மிகுதி. குளிர்நாட்டு நூல்களில் ‘தானே உலர்ந்துவிடும்’ என்று எழுதியிருப்பதை நம்பி இங்கே கம்பளத்தை ஈரமாக விட்டால், ஓரிரு நாளில் பூஞ்சை வாடை வீசத் தொடங்கும். அந்த வாடை எழுந்த வீட்டிலிருந்து மறுமுறை அழைப்பு வராது. அண்டை வீட்டாரும் அழைக்கமாட்டார்கள்.

ஆகவே கருவி வாங்கும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘இது எவ்வளவு வேகமாக நீரைப் பீச்சும்?’ என்பதன்று, ‘இது எவ்வளவு நீரைத் திரும்ப எடுக்கும்?’ என்பதே.

கம்பளத்தின் இனம் அறிதல்

முறையைத் தேர்ந்தெடுக்குமுன் பொருளை அறிதல் வேண்டும். இன்று கடைகளில் விற்கும் மலிவான கம்பளங்களில் பெரும்பாலானவை பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர், நைலான் ஆகிய செயற்கை இழைகளால் ஆனவை. இவை நீரையும் மிதமான காரத்தையும் தாங்கும். ஆட்டுரோமக் கம்பளம் விலை மிகுந்தது. கடுங்காரமும் கொதிநீரும் அதற்கு ஆகா. குளோரின் கலந்த வெளுப்பு நீர் ரோமத்தைக் கரைத்தே விடும். பட்டுப்போல மின்னும் விஸ்கோஸ் கம்பளத்தை எளிதில் ஏற்காதீர்கள். நனைந்தவுடன் அதன் இழை வலுவிழந்து, உலர்ந்தபின் மினுக்கம் போய், சாயம் மங்கிய பழந்துணிபோல் ஆகிவிடும். தொடக்க ஆண்டுகளில் அதனை மறுத்துவிடுவதே அறிவு.

இனத்தை அறிய எளிய சோதனை உண்டு. கம்பளத்தின் பின்புற ஓரத்தில், உரிமையாளரின் இசைவு பெற்று, ஓர் இழையைப் பிடுங்கி, இடுக்கியால் பிடித்து, சாம்பல் கிண்ணத்தின் மேல் தீக்குச்சியால் கொளுத்துங்கள். ரோமமாயின் தலைமயிர் கருகிய வாடை வரும். தீ தானே அணையும். சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகிக் கெட்டியான மணியாகும். காகிதம் எரிவதுபோல் எரிந்து மென்சாம்பலாயின் அது பருத்தியோ விஸ்கோஸோ ஆகும்.

மேலிழையை மட்டும் பார்த்தால் போதாது. கம்பளத்தைப் புரட்டிப் பின்புறத்தையும் பாருங்கள். இங்கே நமக்கு நெருங்கிய உறவுடைய பொருள் ஒன்று இருக்கிறது. கம்பள இழைகளை அடித்துணியோடு பிணைத்து வைப்பது பெரும்பாலும் ரப்பர்ப்பால் பூச்சுதான். பல கம்பளங்களில் அது செயற்கை ரப்பர்ப்பால். கையால் குத்திச் செய்யப்படும் சிலவற்றில் மரத்துப் பாலும் உண்டு. பழைய ரப்பர் வளையம் வெயிலிலும் வெப்பத்திலும் விறைத்து உதிர்வதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறே பழங்கம்பளத்தின் பின்பூச்சும் மாவாக உதிரும். கைவைத்தால் வெண்பொடி கொட்டும் கம்பளத்தை நீரில் ஊறவைத்தால், துணி வேறு இழை வேறாகப் பிரிந்துவிடும். அதனை வாங்குமுன்பே உரிமையாளரிடம் காட்டிவிடுங்கள். காட்டாமல் கழுவினால், முன்பே இருந்த பழுதும் நம் தலையில்தான் விழும்.

பின்புறம் சணலாக இருந்தாலோ இன்னும் எச்சரிக்கை தேவை. இதனை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; பட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் என் மைத்துனரும் இத்தொழிலைத் தொடங்கிய முதல் ஆண்டில், பட்டணத்தில் ஓர் ஆசிரியை வீட்டின் வெளிர்நிறக் கம்பளத்தை எடுத்து வந்தோம். தாராளமாக நீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் கொட்டகையில் தொங்கவிட்டோம். உலர்ந்தபோது இழையின் நுனியெல்லாம் தேநீர் கொட்டியதுபோல் பழுப்பேறியிருந்தது. மீண்டும் கழுவினோம்; பழுப்பு இன்னும் கூடியது.

அதனைப் பிரித்துக் காட்டியபோது அந்த அம்மையார் கோபப்படவில்லை. “தம்பி, நான் கொடுத்தபோது இந்த நிறமாகவா இருந்தது?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை, டீச்சர். தவறு எங்களுடையதுதான்” என்றார் மைத்துனர்.

கம்பளத்தின் விலையைத் தவணையாகச் செலுத்தினோம். ஆறு வாரச் சனிக்கிழமை வருமானம் அதற்கே சென்றது. நடந்தது என்னவென்று பின்னரே விளங்கியது. சணலில் உள்ள பழுப்புப் பொருள் நீரில் கரைந்து, கம்பளம் மெல்ல மெல்ல உலரும்போது இழைவழியே மேலேறி நுனியில் தங்குகிறது. காரமும் மிகுநீரும் அதனைத் தூண்டும். எலுமிச்சை அமிலத்தை நீர்க்கக் கலந்து மெல்லத் தூவி, காற்றூதி வைத்து விரைந்து உலர்த்தியிருந்தால் பழுப்பின் பெரும்பகுதி மறைந்திருக்கும். அதற்கும் மேலாக, விட்ட நீரை அன்றே உறிஞ்சியிருந்தால் பழுப்பு ஏறியே இராது. எங்களிடம் அப்போது நீர்ப்பீச்சி இருந்தது. உறிஞ்சும் இயந்திரம் இல்லை.

முறைகள் சில

எம்முறையாயினும் முதல் வேலை உலர்ந்த தூசியை எடுப்பது. கம்பளத்தில் தங்கும் அழுக்கில் பெரும்பகுதி மணலும் தூசியுமே. அதன்மேல் நீர் விட்டால் சேறாகும். ஆகவே தூரிகை சுழலும் தூசி உறிஞ்சியை மெதுவாக, குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை செலுத்துங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சிக்கனம் பிடிப்பவர் பின்னர் ஒரு மணி நேரத்தை இழப்பார்.

பழைய முறை, சுழல் தூரிகை இயந்திரத்தில் நுரைமருந்து விட்டுத் தேய்ப்பது. தரை பளபளப்பாக்கும் அதே 17 அங்குல இயந்திரம் இதற்குப் பயன்படும். கண்ணுக்கு உடனே வெளுப்பாகத் தோன்றும். ஆனால் நுரையின் பசை இழையிலேயே தங்கிவிட்டால், எண்ணெய் தடவிய தலையில் புழுதி ஒட்டுவதுபோல் சில வாரங்களில் முன்னிலும் விரைவாக அழுக்கேறும். அதே இயந்திரத்தின் அடியில் ஈரத் துணித்தட்டைப் பொருத்தித் துடைத்தெடுப்பது இன்னொரு முறை. நீர் குறைவு, விரைவில் உலரும். ஆனால் மேற்பரப்பின் அழுக்கு மட்டுமே போகும். விடுதி நடைகூடங்களை அவ்வப்போது துடைப்பதற்கு அது போதும்.

அலுவலகங்களின் குட்டை இழைக் கம்பளங்களுக்குப் புதிய முறை ஒன்று நன்கு பொருந்துகிறது. ஒருவகை மருந்தைச் சிறிதளவு தெளித்துத் தூரிகையால் தேய்த்தால், அது உலரும்போது அழுக்கைச் சூழ்ந்து பளிங்குத் துகள்களாக இறுகும். பின்னர் தூசி உறிஞ்சியால் எடுத்துவிடலாம். ஓரிரு மணி நேரத்தில் நடமாடலாம். எனினும் குழம்பு கொட்டிய வீட்டுக் கம்பளத்திற்கும் குழந்தை நனைத்த மெத்தைக்கும் இது உதவாது.

அவற்றுக்கு உரியது நீர் தெளித்து உறிஞ்சும் முறை. இதனைச் சிலர் ‘நீராவி முறை’ என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையில் ஆவி அன்று, வெந்நீரே. முதலில் மருந்துநீரைத் தெளித்து, தூரிகையால் மெல்லத் தடவி, பத்து நிமிடம் ஊறவிடவேண்டும். பின்னர் இயந்திரத்தின் கைப்பிடிக் கருவியால் வெந்நீரைத் தெளித்துக்கொண்டே உறிஞ்சவேண்டும். ஒருமுறை நீருடன் இழுத்தால், அதே இடத்தில் இரண்டு மூன்றுமுறை நீரின்றி இழுக்கவேண்டும். புதியவர்கள் இந்த வெற்று இழுப்புகளை வீண் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். உருளையில் ஒருமுறை விட்ட பாளத்தைப் புகைவீட்டிற்கு அனுப்புவது போன்றது அது.

இறுதியாக, கம்பளத்தை நம் இடத்திற்கே கொண்டுவந்து முழுதும் கழுவும் முறை. நம் நாட்டு வீடுகளில் ஓட்டுத் தரைமேல் விரித்த தனிக் கம்பளங்களே மிகுதியாதலின் இதற்கும் நல்ல தேவை உண்டு. ஆனால் இதற்குச் சரிவான சிமெண்டுத் தரை, கூரை, நீர் வசதி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழற்றிப் பிழியும் நீண்ட உருளை இயந்திரம் ஆகியவை வேண்டும். பிழியும் இயந்திரமின்றி வெறும் நீர்ப்பீச்சியுடன் இறங்குபவர், நாங்கள் சென்ற வழியிலேயே செல்கிறார். கார் கழுவும் நீர்ப்பீச்சியின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 1,000 இறாத்தலையும் தாண்டும். அதனை அருகில் வைத்துப் பீச்சினால் இழை பிரியும், பின்பூச்சு கழன்றுவிடும். வீட்டுக் கம்பளத்திற்கு 100 முதல் 150 இறாத்தல் அழுத்தமே போதுமானது.

ஆகையால் தொடக்கத்தில் வாங்கத்தக்கது, சக்கரம் பொருத்திய, கையால் தள்ளிச் செல்லும் நீர் தெளித்து உறிஞ்சும் இயந்திரமே என்பது என் கருத்து. அதனோடு நல்ல தூசி உறிஞ்சி ஒன்றும், தரையோடு தரையாகக் காற்றை வீசும் ஊதி இரண்டும் வேண்டும். சுழல் தூரிகை இயந்திரம் இரண்டாம் ஆண்டில் வரட்டும். தேவைப்பட்டால் அதுவரை வாடகைக்கு எடுக்கலாம். பிழியும் இயந்திரமும் கழுவும் களமும் வாடிக்கையாளர் பெருகிய பின்னரே. ஊதியை வாங்காமல் அப்பணத்தைப் பெரிய இயந்திரத்தில் போடுவோர் உண்டு. என்னைக் கேட்டால், இயந்திரத்தின் அளவைச் சற்றுக் குறைத்தாவது ஊதி இரண்டையும் வாங்குங்கள் என்பேன்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

பால் நிறுக்கும் இடத்தில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பாலின் கெட்டியை அளந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக யாரும் கூலி தரவில்லை. உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதே கணக்கு. இயந்திரத்தையும் அவ்வாறே அளக்கலாம்.

பழைய கம்பளத் துண்டு ஒன்றையும் ஒரு தராசையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். துண்டை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் 2 லிட்டர் நீரைச் சீராக ஊற்றுங்கள். 2 லிட்டர் நீரின் எடை 2 கிலோ. கடைக்காரர் இயந்திரத்தால் நான்குமுறை உறிஞ்சட்டும். மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கூடுதலாக உள்ள எடையே கம்பளத்தில் நின்றுவிட்ட நீர். இரண்டு இயந்திரங்களை இவ்வாறு ஒப்பிட்டு, குறைவாக நீர் விடுவதைத் தேர்ந்தெடுங்கள். சோதனைக்கு இணங்காத கடையில் வாங்கவேண்டாம். குழாயையும் முழு நீளத்துக்கு மாட்டியே சோதியுங்கள். நீண்ட, ஒடுங்கிய குழாயில் உறிஞ்சும் வலிமை குன்றும். கடையில் இரண்டு மீட்டர் குழாயில் பாய்ந்து உறிஞ்சிய இயந்திரம், வீட்டில் எட்டு மீட்டர் குழாயில் மூச்சுத் திணறும்.

எடையையும் எண்ணிப் பாருங்கள். 45 லிட்டர் கொள்ளும் தொட்டியில் நீர் நிறைந்தால் அதுவே 45 கிலோ. மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு இயந்திரத்தைத் தூக்கவேண்டியவர் கடைக்காரர் அல்லர். உதிரிப் பொருள்கள், குறிப்பாகப் பம்பு, நீர்த்தெளிப்பு முனை, உறிஞ்சும் மோட்டார் ஆகியவை உள்ளூரில் கிடைக்குமா என்பதையும் வாங்குமுன் கேளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளின் மூன்று முனைச் செருகியின் எல்லை 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் கணக்கிட்டால் ஏறத்தாழ 3,000 வாட். இரண்டு உறிஞ்சும் மோட்டாரும் நீர் சூடாக்கியும் சேர்ந்த இயந்திரம் இந்த எல்லையைத் தாண்டக்கூடும். அதனால்தான் சில இயந்திரங்களுக்கு இரண்டு கம்பிகள் இருக்கின்றன. அவற்றை வெவ்வேறு சுற்றுகளில் செருகவேண்டும். சூடாக்கி இல்லாத இயந்திரத்தை வாங்கி, வெந்நீரைத் தனியே காய்ச்சி ஊற்றுவது தொடக்கத்தில் மலிவானது, பழுதும் குறைவு. நீட்டிப்புக் கம்பி தடித்ததாக இருக்கட்டும். சுருளை முழுதும் பிரித்தே பயன்படுத்துங்கள். சுருண்ட கம்பி சூடேறி உருகும். ஈரத் தரையில் நின்று வேலை செய்கிறோம் என்பதை ஒருபோதும் மறவாமல், வாடிக்கையாளர் வீட்டின் மின்கசிவுத் துண்டிப்பான் வேலை செய்கிறதா என்று முதலில் பொத்தானை அழுத்திப் பாருங்கள். எடையையாவது நாலுபேர் சேர்ந்து தூக்கலாம். மின்சாரம் தாக்கியபின் சேர்ந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மருந்துகள்

பாலை அமிலம் உறையவைக்கும். அம்மோனியா உறையாமல் காக்கும். அமிலமும் காரமும் எதிரெதிர்க் குணம் உடையவை என்ற பாடத்தை நமக்குத் தோட்டமே கற்பித்துள்ளது. அதனை எண்ணால் குறிக்கும் அளவைதான் பி.எச். எனப்படுவது. ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். செயற்கை இழைக்கு 9 அல்லது 10 வரை கார மருந்து ஆகும். ரோமத்திற்கு நடுநிலையை ஒட்டிய மருந்தே ஏற்றது. முடிவில் மென்மையான அமிலநீரால் அலசினால் காரப் பசை நீங்கி இழை மிருதுவாகும். இதற்கு எலுமிச்சை அமிலமோ வினிகரோ போதும். தோட்டத்தில் கிடைக்கும் பார்மிக் அமிலத்தை ‘எல்லாம் அமிலந்தானே’ என்று கொண்டுவரக் கூடாது. அது தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

கறிக் கறை நமக்கு அடிக்கடி வரும் வழக்கு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தி நீர் சிவப்பதை எல்லாரும் அறிவோம். சுண்ணாம்பு காரம், மஞ்சள் காரத்தில் சிவக்கும். எனவே கறிக் கறைமேல் கார மருந்தைத் தெளித்தவுடன் அது செக்கச் சிவக்கும், வீட்டுக்காரர் பதறுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமிலநீரால் அலசினால் மீண்டும் மஞ்சளாகும். எஞ்சிய மஞ்சள் சூரிய ஒளியில் வெளுக்கும். இரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது, குளிர்ந்த நீரே. விளக்குத் திரியின் மெழுகு சிந்தியிருந்தால் மேலே தாள் வைத்து மிதமான இஸ்திரிப் பெட்டியை ஒற்றுங்கள். தாள் மெழுகை இழுத்துக்கொள்ளும். எந்த மருந்தாயினும், கண்ணில் படாத மூலையில் ஈர வெண்துணியால் ஒற்றி, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பின்னரே பயன்படுத்துக.

மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். அளவுக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் மருந்து கூடுதல் பசை. குளோரின் வெளுப்பு நீரோடு அமிலத்தையோ அம்மோனியாவையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும், மூடிய அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். மிச்ச மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தால், களைக்கொல்லியை அறியாது குடித்து மாண்டவர்களின் கதை தோட்டங்களில் புதிதன்று. அப்பழக்கத்தைத் தொழிலுக்குக் கொண்டுவரவேண்டாம்.

உலர்த்தும் நேரம்

வெயில் காய்கிற பிற்பகலில் சன்னல்களைத் திறந்து, ஊதியைக் கம்பளத்தின் மேற்பரப்பை உரசிச் செல்லுமாறு வைக்கலாம். மழை பெய்யும்போது சன்னலைத் திறந்தால் ஈரக்காற்றை உள்ளே அழைப்பதாகும். அப்போது சன்னலை மூடி, குளிர்சாதனம் இருந்தால் அதனை ஓடவிட்டு, ஊதியை வைப்பதே சரி. குளிர்சாதனம் காற்றின் ஈரத்தை எடுத்து வெளியேற்றும். வெளியில் தொங்கவிடும் கம்பளத்தைக் கடும் வெயிலில் நாள்முழுதும் விடாதீர்கள். சாயம் மங்கும், பின்பூச்சும் விறைக்கும். காற்றோட்டமான நிழலே சிறந்தது.

மேற்குக்கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை மிகுதி. தீபாவளியும் அப்போதுதான் வருகிறது, வேலையும் குவிகிறது. பண்டிகைக்கு முந்திய மூன்று நாள்களில் புதிய வேலையை ஏற்காதீர்கள். ஈரக் கம்பளத்தோடு ஒரு குடும்பம் தீபாவளியைக் கொண்டாடினால், அவர்கள் நம்மை அடுத்த தீபாவளி வரை மறக்கமாட்டார்கள்.

சூராவ் நிருவாகத்தினர் அழைத்தால், இஷா தொழுகைக்கும் சுபுஹ் தொழுகைக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே நமக்கு உரியது. அதற்குள் உலர்த்த முடிந்த பரப்பை மட்டும் ஒரிரவில் செய்து, மீதியை மறு இரவுக்கு வைப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். சதுர அடிக்கு 1 வெள்ளி கூலி என்று வைத்துக்கொள்வோம். 6 அடிக்கு 9 அடிக் கம்பளம் 54 சதுர அடி; கூலி 54 வெள்ளி. மருந்து, மின்சாரம், பெட்ரோல் ஆகியவற்றுக்கு 14 வெள்ளி போனால் எஞ்சுவது 40. கருவிகள் அனைத்துக்கும் 4,000 வெள்ளி செலவாகியிருந்தால், முதல் 100 கம்பளங்களும் கருவிக்கே உழைக்கும். வாரத்திற்கு நான்கு கம்பளம் என்றால் 25 வாரம், அதாவது ஏறத்தாழ அரை ஆண்டு. இதே கணக்கில் 20,000 வெள்ளிக்கு வண்டியோடு இணைந்த பெரிய இயந்திரம் வாங்கினால் 500 கம்பளங்கள். இரண்டரை ஆண்டுக்கு அருகில். உங்கள் ஊரின் உண்மையான கூலியையும் விலையையும் இட்டு இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு அந்த இயந்திரத்தின் விலை எத்தனை நாள் சம்பளம் என்பதையும் எழுதுங்கள். எண்கள் காட்டும் முகம் விளம்பரத் தாள் காட்டும் முகத்திலிருந்து வேறுபட்டிருக்கும்.

குறைந்தது அரை ஆண்டுக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்கிய பின்னரே கருவிக்குப் பணம் எடுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவர் மாதச் சம்பள வேலையில் இருக்கும்போதே, வார இறுதிகளில் தொடங்குவது நன்று.

தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ளுதல் மேற்கு மலேசியாவில் சட்டப்படி கட்டாயம். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. தொழிற்பெயர் வைத்தால் 60 வெள்ளி. கழுவும் களம் அமைப்பதாயின் நகராண்மைக் கழகத்தின் உரிமம் வேண்டும். அழுக்கு நீரை எங்கே விடுவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்க. 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பதிந்துகொண்டால், வேலையில் நேரும் விபத்துக்குக் காப்பு உண்டு. முதலுக்குக் கடன் தேவைப்படுவோர் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டத்தைப் பற்றி அதன் அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதல் இயந்திரத்தைக் கடனில் வாங்காமலிருப்பது நல்லது என்பது என் எண்ணம். இரண்டாவதற்குக் கடன் பெறும்போது காட்டுவதற்குக் கணக்குப் புத்தகம் ஒன்று கையில் இருக்கும்.

அந்தப் புத்தகத்தை முதல் நாளே தொடங்குங்கள். உறவினர், அண்டை வீட்டார் ஆகியோரின் பழங்கம்பளங்கள் பத்தைக் கூலியின்றிக் கழுவிப் பழகுங்கள். ஒவ்வொன்றுக்கும் இழையின் இனம், பின்புறம் எத்தகையது, எந்த மருந்து எத்தனை கோப்பை, எவ்வளவு நீர் விட்டோம், அழுக்கு நீர்த் தொட்டியில் எவ்வளவு திரும்ப வந்தது, வானிலை, தொட்டுப் பார்த்து ஈரம் முற்றும் நீங்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். பத்தாவது வரி எழுதும்போது உலர்ந்த நேரம் எட்டு மணிக்குள் வந்திருந்தால் கூலிக்கு வேலை ஏற்கலாம். வரவில்லையாயின் இன்னும் ஐந்து கம்பளம் கேட்டு வாங்குங்கள்.